பாதி வீட்டைத் தூக்க முடியாது

நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டுக்கு மூன்று படி ஏறிப் போக வேண்டும். இப்போது ரோட்டிலிருந்து இறங்கிப் போகிறோம். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது, ரோடு வளர்ந்துவிட்டது. பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்குத் தார் போட்டார்கள். சில வருஷம் கழித்து அதைத் தோண்டாமல் அதன் மேலேயே இன்னொரு தார். பிறகு சாக்கடைக் குழாய்க்குத் தோண்டி மூடி, அதற்கும் மேலே சிமெண்ட். ஒவ்வொரு தடவையும் எங்கள் வாசலில் ஒரு படி மண்ணுக்குள் போனது. படிகள் தீர்ந்த பிறகும் ரோடு ஏறிக்கொண்டேதான் இருந்தது. இரண்டாவது படி போனபோது, "பைக்க உள்ள ஏத்த இப்பத்தான் வசதியா இருக்கு" என்று என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார்.

அவர் டவுன் பஸ் ஓட்டினார். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். வீடு மாமனார் கட்டியது. அவர் போன பிறகு ஹாலின் நடுவே ஒரு மெல்லிய சுவர் எழுப்பி, இந்தப் பாதி எங்களுக்கும் அந்தப் பாதி என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கும் என்று ஆனது. அண்ணன் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். பெண்கள் இரண்டு பேரும் தேனிப் பக்கம் வாக்கப்பட்டுப் போய்விட்டார்கள். மதியம் நான் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போகும்.

முதன்முதலில் தண்ணீர் வந்தது ஒரு ஐப்பசி மழையில். வாசல் வழியாக வந்தது. சாக்கடையும் மழையும் கலந்த தண்ணீர். நான் தையல் மிஷினுக்குக் கீழே வைத்திருந்த துணிப் பையைத் தூக்குவதற்குள் அடியில் இருந்த நான்கு பிளவுஸ் துணியும் நனைந்துவிட்டன. அதில் ஒன்று முகூர்த்தப் பட்டு. எத்தனை முறை அலசியும் அந்த வாடை போகவில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா துணியை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதோடு அந்த வீட்டு வேலை எனக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் அடுத்த லீவு நாளில் செங்கல் வாங்கி வந்து வாசலில் முழங்கால் உயரத்துக்குத் தடுப்புக் கட்டினார். கொத்தனாரைக் கூப்பிடவில்லை, அவரே கட்டினார். பூசி முடித்து, கரண்டியைக் கழுவிக்கொண்டே, "இனிமே ஒரு சொட்டு வராது பாரு" என்றார்.

அடுத்த மழைக்கு வாசல் வழியாக ஒரு சொட்டும் வரவில்லை. பாத்ரூம் ஓட்டை வழியாகப் பொங்கி வந்தது. வெளியே போக வேண்டிய தண்ணீர் வெளியே இடமில்லாமல் உள்ளே திரும்பியிருந்தது. அவர் கட்டிய தடுப்பு அதை வெளியே விடாமல் நன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டது. இரண்டு பேரும் பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு தடுப்புக்கு மேலே ரோட்டில் ஊற்றினோம். ஊற்றியது கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் வழியாக மறுபடி வந்தது. பிறகு ஓட்டையில் துணி அடைத்தோம், மணல் மூட்டை வைத்தோம், தண்ணீரைத் திரும்பி வர விடாத வால்வு என்று ஒன்று வாங்கி மாட்டினார். அதில் தெருவின் தலைமுடியெல்லாம் சிக்கி அதுவும் மூடாமல் நின்றது.

அப்போதுதான் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். கோச்சடைப் பக்கம் ஒரு வீட்டை அப்படியே நாலடி தூக்கியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பையன் பிறந்தபோதுதான் முன்னால் பார்த்திருக்கிறேன். "உள்ள பீரோல இருந்த டம்ளர்கூட அசையலையாம்" என்றார்.

அந்த ஜாக்கி வேலைக்காரர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், வெளியே போய் அஸ்திவாரத்தைப் பார்த்தார், நடுச்சுவர் அருகே வெகுநேரம் நின்றார்.

"அண்ணே, அந்தப் பக்கம் யாரு வீடு?"

"எங்க அண்ணன் வீடுதான். ஒரே வீடு, ரெண்டாப் பிரிச்சது."

"அப்ப ரெண்டையும் சேத்துத்தான் தூக்கணும். பாதி வீட்டத் தூக்க முடியாதுண்ணே. மேல தளம் ஒண்ணா ஓடுது பாருங்க. இங்கிட்டுத் தூக்குனா அங்கிட்டு ஒடிஞ்சு விழுந்துரும்."

அன்று சாயங்காலமே நாங்கள் இரண்டு பேரும் அண்ணனிடம் போனோம். அவர் வீட்டிலும் இதே தண்ணீர்தான். கட்டிலின் கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, தண்ணீர் வரும்போது அதன் மேல் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்து கொள்வார். வடிந்ததும் இறங்குவார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரிதான்டா. ஆனா எனக்கு எதுக்கு? நான் இன்னும் எம்புட்டு நாளு இருக்கப் போறேன். ரெண்டு மாசம் வீட்ட விட்டுட்டு எங்க போய் இருக்கறது? மருமகன் வீட்டுலயா?"

"எங்கயாச்சும் வாடகைக்குப் பாப்போம்ணே. நான் பாத்துத் தாரேன்."

"வேண்டாம். இருக்கறபடி இருக்கட்டும்."

நான் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்து, "இல்லத்தா, கோவிச்சுக்கிராத" என்றார். அதற்கு மேல் எப்படிப் பேசுவது? அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வரவில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. வீட்டைத் தூக்க முடியாவிட்டால் தரையைத் தூக்குவோம் என்று முடிவு செய்தார். கொத்தனார் வைத்து, டிராக்டரில் மண்ணும் உடைகல்லும் கொண்டுவந்து கொட்டி, ஹால், அறை, அடுப்படி எல்லாவற்றிலும் முழங்கால் உயரத்துக்கு நிரப்பி மேலே டைல்ஸ் போட்டோம். முடிந்த அன்று டைல்ஸ் பளபளவென்று இருந்தது. நான் பாயாசம் வைத்தேன். அந்த மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரவில்லை. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர் செய்ததில் அது ஒன்றாவது நடந்தது.

ஆனால் தரை உயர்ந்ததே தவிர, கூரை இருந்த இடத்தில்தான் இருந்தது. நிலையின் அடிப்பகுதி மண்ணுக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் கோலம் போட நிலைப்படி இல்லை. கதவுகளைக் கீழே அறுத்தோம். அவர் நல்ல உயரம், ஒவ்வொரு வாசலிலும் குனிந்துதான் போவார். கையைத் தூக்கிச் சட்டை போடும்போது ஃபேன் இறக்கையில் விரல் அடிபட்டுத் தையல் போட்டதும் ஃபேனைக் கழற்றிவிட்டோம். சமையல் மேடை என் முழங்கால் உயரத்துக்கு வந்தது. அதைக் கையிருப்பு பார்த்துப் பிறகு உயர்த்தலாம் என்றார், இன்றுவரை உயர்த்தவில்லை. வெளியே ரோடும் உள்ளே தரையும் உயர்ந்து ஜன்னல் முழங்கால் உயரத்துக்கு இறங்கியதால் தெருவில் போகிற நாய் உள்ளே எட்டிப் பார்த்தது. ஜன்னலை மூடி வைத்தேன். பகலிலேயே டியூப்லைட் போட்டுத் தைத்தேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் பையன் பொங்கலுக்கு வந்தான். அடுப்படி வாசலில் இரண்டு முறை நெற்றியில் இடித்துக்கொண்டான். மூன்றாவது முறை இடித்தபோது, "இத எதுக்குப்பா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டான். சத்தமாகக் கூடக் கேட்கவில்லை. அவர் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். மாட்டுப்பொங்கல் அன்றே பையன் பஸ் ஏறிவிட்டான்.

இதற்குப் பிறகுதான் நடுச்சுவர் விஷயம். எங்கள் பக்கம் கொட்டிய மண் ஈரத்தைக் குடித்துக் குடித்து அந்த மெல்லிய சுவரை அண்ணன் பக்கம் தள்ளியிருக்கிறது. எங்கள் பக்கம் அந்த இடம் புது டைல்ஸ் தரைக்குக் கீழே மறைந்திருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. அங்கே பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்து, சுவரின் அடிப்பாகம் வயிறு போல் புடைத்து, மூலையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெடிப்பை மறைக்கக் காலண்டர் மாட்டி வைத்திருந்தார். குழம்புக் கிண்ணத்தோடு போன நான்தான், கட்டிலில் உதிர்ந்து கிடந்த மண்ணைப் பார்த்துக் காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே சிமெண்ட் கலவையோடு அந்தப் பக்கம் போனார். அவர் பூச, அண்ணன் கரண்டிக்குக் கலவை எடுத்துக் கொடுத்தார். நான் தண்ணீர் தெளித்தேன். பூசினால் நின்றது, கொஞ்ச நேரத்தில் ஈரத்தோடு வழுக்கி விழுந்தது. மறுபடி பூசினார். நான்காவது முறையும் விழுந்தபோது அண்ணன் சொன்னார்:

"டேய், தூக்கிருவோம்டா. அந்தாளக் கூப்புடு. நான் மருமகன் வீட்டுல இருந்துக்கிறேன்."

என் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "நெசமாவா சொல்றீங்க?"

"ஆமா. அப்பவே சரின்னு சொல்லியிருக்கணும்."

அதே வேலைக்காரர் மறுபடி வந்தார். வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். எங்கள் பக்கம் வந்து தரையைக் காலால் தட்டினார்.

"இம்புட்டு மண்ணையும் யாருண்ணே கொட்டச் சொன்னது?" என்றார். பிறகு குரலை இறக்கினார். "இனிமே ஜாக்கி தாங்காதுண்ணே. நடுச்சுவரு மட்டுமில்ல, எல்லாச் சுவரும் ஈரங்குடிச்சு செத்துப் போச்சு. மண்ண எடுத்தா இன்னும் ஆபத்து, தோண்டுற அதிர்வுலயே சுவரு விழுந்துரும். இடிச்சுத்தான் கட்டணும்."

இடித்துக் கட்ட எங்கள் இரண்டு வீட்டிலும் வழி கிடையாது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். டீ குடித்துவிட்டுப் போனார்.

மாசி மாதம் பெரிய மகள் வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாள். சுவர் விழுந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. போகும்போது அவர் சாவியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். கார் திரும்பும்வரை இவர் வாசலில் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தால் நிலை இடிக்கும்.

இந்த வருஷம் தெருவில் மறுபடி ரோடு வேலை, இந்தத் தடவை சிமெண்ட் கல் பதிக்க ஆட்கள் வந்தார்கள். பழைய ரோட்டைத் தோண்டி எடுத்துவிட்டுப் பதியுங்கள் என்று நான் போய்க் கேட்டேன். மேற்பார்வைக்கு நின்றவர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "எங்களுக்குச் சொன்னது இம்புட்டுத்தான்க்கா. மேல பதிக்கச் சொன்னாங்க, பதிக்கிறோம்" என்றார். இப்போது ரோடு எங்கள் புதுத் தரையையும் தாண்டிவிட்டது. ஆவணியில் பெய்த ஒரு சின்ன மழைக்கே ஹாலில் தண்ணீர் நின்றது. என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் மக்கை எடுத்தேன். "விடு, வடியிறப்ப வடியட்டும்" என்றார்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வார். வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. மழை உண்டா என்று மட்டும் கேட்பார். இங்கே மழை பெய்துகொண்டிருந்தாலும் இவர், "பெருசா ஒண்ணுமில்லண்ணே" என்பார்.

நடுச்சுவரை எப்படியாவது முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும் என்று இவர் வாங்கிப் போட்ட சிமெண்ட் மூட்டை ஒன்று அடுப்படி மூலையில் கிடக்கிறது. ஈரத்தில் அப்படியே இறுகிக் கல்லாகிவிட்டது. அதைத் தூக்கிப் போட ஆள் கிடைக்கவில்லை. குடிதண்ணீர்க் கேனை அதன் மேல் வைத்திருக்கிறேன்.