சுவாமி இல்லாத கோயிலின் வெளிவீதி

ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் தியாகலிங்கத்தின் வீட்டுத் தொலைபேசி அடித்தால், எடுப்பவர் யாராயினும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: "ராகுலனோ?" அது அவருடைய மனைவி இராஜேஸ்வரி இட்ட சட்டம். மகள் நிலாணியும் மருமகனும் அதற்குப் பழகிப்போனார்கள். வங்கியிலிருந்து அழைத்த பெண்ணொருத்தி அதுவே குடும்பப் பெயராக்கும் என்று எண்ணி, திருமதி ராகுலனோ அவர்களுக்குக் கடனட்டை தருவதாகக் கடிதம் அனுப்பினாள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களோடு இராஜேஸ்வரி சேரவில்லை.

ராகுலன் அவர்களுடைய மூத்த பிள்ளை. பிள்ளையாருக்கு முன் ஒற்றைக் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுபவன் என்று ஊரில் பெயரெடுத்தவன். சிறுவயதில் வலக்காதில் சீழ் வைத்து வலித்த நாள்களில் இடக்காதை மட்டும் பிடிக்கத் தொடங்கியவன், காது ஆறிய பின்பும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. "சுவாமியோடை என்னடா அரைக்கணக்கு?" என்று தியாகலிங்கம் ஏசாத வெள்ளிக்கிழமை இல்லை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஏஜென்சிக்காரன் ஒருவன் அவனை மொஸ்கோ வழியாகக் கனடாவுக்கு அனுப்புவதாகக் கூட்டிச் சென்றான். ஏற்கெனவே ரொறன்ரோவிலிருந்த நிலாணிக்கு மொஸ்கோவிலிருந்து ஒருமுறை பேசினான். அதன் பிறகு பேச்சில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின் நிலாணி பெற்றோரை வருவித்தாள். ரூஜ் பகுதியிலிருந்த வீட்டை விட்டு மில்லிக்கனுக்கு மாறியபோது, தொலைபேசி எண்ணை மாற்றவே கூடாதென்று இராஜேஸ்வரி ஒற்றைக்காலில் நின்றாள். அவனிடம் இருப்பது அந்த ஓர் எண்தானே. சில அழைப்புகளில் மறுமுனையில் குரலே இராது. எங்கோ பள்ளத்தில் காற்று அள்ளுவது போன்ற இரைச்சல் மட்டும் கேட்கும். மற்றவர்கள் வைத்துவிடுவார்கள். அவள் வைக்கமாட்டாள். தொலைபேசியைக் காதோடு அழுத்தி, இரைச்சல் தானாக அறுந்துபோகும்வரை நின்றுகொண்டே இருப்பாள். அப்படி நிற்கும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கத் தியாகலிங்கம் அஞ்சினார்.

அந்த வீட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. செத்தவீட்டுக்குப் போய்வந்தவர் முன்வாசலால் உள்ளே வரக்கூடாது. வீட்டின் பக்கவாட்டிலுள்ள படலைக் கதவால் பின்வளவுக்குப் போய், தோட்டக் குழாயில் தலை தோய்ந்த பின்பே வீட்டுக்குள் கால் வைக்கலாம். சித்திரை மாதத்துக் குளிரில் தியாகலிங்கம் வேட்டியோடு குழாயின்கீழ் நடுங்கியதைக் கண்ட அயல்வீட்டுச் சீனக் கிழவர், அவர்களுடைய வெந்நீர்க் கொதிகலன் பழுதாகிவிட்டதென்று இரங்கி, தம் குளியலறையைப் பயன்படுத்துமாறு அழைத்தார்.

தியாகலிங்கம் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். குளக்கட்டுகளின் மேல் நடந்தே முடி நரைத்தவர். ரொறன்ரோவில் அவருக்குக் கிடைத்தது, பிளாஸ்ரிக் மூடிகளைப் பெட்டியிலடுக்கும் வேலை. அதையும் அவர் குறைசொல்லாமல் செய்தார். பக்கத்து மேசையில் அடுக்கியவர் ஹாகோப் என்ற ஆர்மேனியர். இருவருடைய ஆங்கிலமும் அரைகுறை. ஆகையால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டார்கள்.

தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே வந்தவன்போல் வெள்ளைச் சட்டையோடு அகஸ்ரின் என்ற இளைஞன் வீடு தேடி வந்தான். ராகுலனோடு ஒரே கூட்டத்தில் புறப்பட்டவன். நாற்காலியின் நுனியிலேயே இருந்தான்.

"துருக்கிக்குக் கொண்டுபோறன் எண்டு சொல்லி, ஆர்மேனியாவிலை ஒரு மலையிடுக்குக்கை எங்களை இறக்கினவன், ஐயா. கரண்ட் இல்லை, சாப்பிடப் பாண் இல்லை, சரியான குளிர். மாட்டுக்கொட்டிலொண்டிலைதான் படுக்கை. மேலை பழைய கோட்டை. அதுக்குள்ளை அஞ்ஞானிகள் காலத்துக் கோயிலொண்டு."

"எங்களையும் உங்கடை சுவாமிமார் அப்பிடித்தானே சொல்லுறவை," என்றார் தியாகலிங்கம்.

"ஓம் ஐயா. ராகுலனும் அதைத்தான் சொல்லிச் சிரிச்சவன். 'அப்ப இது எங்கடை கோயில்தான்ரா' எண்டவன்." அகஸ்ரின் சிரிக்க முயன்று தோற்றான். "பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்திட்டுது. வான் வந்த அண்டைக்கு எழும்ப ஏலாமல் கிடந்தான். வருத்தக்காரனை ஏத்தமாட்டன், திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டான் ஏஜென்சிக்காரன்."

"வந்தவனோ?"

"தெரியாது, ஐயா. பிறகு நாங்கள் ராகுலனைக் காணேல்லை." சமையலறை வாசலில் நின்ற இராஜேஸ்வரி, "காய்ச்சல்தானே, மாறியிருக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஓராண்டுக்கு மேல் கழிந்தது. றிச்மண்ட் ஹில் கோயிலில் ஓர் ஐயரிடம் தியாகலிங்கம் தயங்கித் தயங்கி விசாரித்தார். காணாமற்போனவருக்குத் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து தகனம் பண்ணிக் கிரியைகளை முடிக்கலாம் என்று அவர் பதமாகவே சொன்னார். இராஜேஸ்வரி அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"புல்லிலை என்ரை பிள்ளையைச் செய்து எரிக்கவோ?" என்று கேட்டுவிட்டு, வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

வீடு வந்து சேர்ந்து, காரை விட்டு இறங்கும்போது சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாருங்கோ. உயிரோடையோ இல்லையோ, எனக்குத் தெரியவேணும். ஆனால் போனிலை ஒண்டும் சொல்லாதேங்கோ. அந்தப் போனிலை அவன்ரை குரல்தான் வரவேணும். எதெண்டாலும் வீட்டு வாசலுக்கு வந்து சொல்லுங்கோ."

கனடியக் கடவுச்சீட்டுக் கிடைத்த ஆண்டு, தொண்ணூற்றெட்டுப் புரட்டாதியில், உறவினரைப் பார்க்கப் புறப்பட்ட ஹாகோப்போடு அவர் ஆர்மேனியாவுக்குப் பறந்தார்.

அகஸ்ரின் சொன்ன கோட்டை எதுவென்று ஹாகோப்புக்குத் தெரிந்திருந்தது. அவருடைய மைத்துனரின் பழைய கார், மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி, கோட்டை வாசலில் மூச்சிரைத்து நின்றது. மதில்கள் பாதி இடிந்திருந்தன. ஆளுயரக் கற்கள் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று இருந்தன. உள்ளே, மலைமுனையின் விளிம்பில், கருஞ்சாம்பல் நிறத் தூண்களோடு அந்தக் கோயில் நின்றது. அதற்கப்பால் நிலமே இல்லை. அடியில் ஆறு ஓடும் சத்தம் மட்டும் மேலெழுந்து வந்தது. தியாகலிங்கம் அந்த இரைச்சலைக் கேட்டதும் நின்றுவிட்டார். தொலைபேசியில் இராஜேஸ்வரி கேட்டுக்கொண்டு நின்ற இரைச்சல் அது. அல்லது அப்படி அவருக்குத் தோன்றியது.

சப்பாத்தைக் கழற்றினார்.

"ஏன்?" என்றார் ஹாகோப். "இது வெறும் கல். எங்கள் முன்னோர் கிறிஸ்தவர்களாவதற்கு முன் சூரியனைக் கும்பிட்ட இடம். இப்போது உள்ளே ஒன்றுமில்லை."

"நாங்கள் இப்போதும் சூரியனைக் கும்பிடுகிறோம்," என்றார் தியாகலிங்கம்.

படிகள் உயரமாக இருந்தன. உள்ளே போனார். சுவாமி இருந்த இடத்தில் ஒரு சதுர இருள் இருந்தது. எண்ணெயின் மணமோ புகையின் கறையோ இல்லை. பூசை நின்றுபோன கோயிலில் தெய்வமும் பசித்தே கிடக்கும் என்பது அவர் வளர்ந்த நம்பிக்கை. இங்கே அந்தப் பசி எவ்வளவு பழையது என்று எண்ணினார். பின்னால் யாரோ வெறுங்காலோடு நடப்பது போலிருந்தது. திரும்பினார். ஹாகோப் வாசலில் சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். அவருடைய காலில் கனத்த சப்பாத்து.

இறங்கி வெளியே வந்தபோதுதான் அதைக் கண்டார். கோயிலைச் சுற்றிப் புல் தேய்ந்து ஒரு தடம் போனது. ஆள்கள் நடந்த தடம் எதுவும் அவருடைய கண்ணுக்குத் தப்பாது. பார்க்க வருகிறவர்கள் வாசலிலிருந்து நேரே வருவார்கள், படியேறுவார்கள், படமெடுத்துக்கொண்டு போவார்கள். பள்ளத்தின் விளிம்போடு பின்புறமாக நடக்க ஒருவருக்கும் தேவையில்லை. ஆனால் தடம் முழு வட்டமாக, எங்கும் அறாமல் இருந்தது. வலம் வருபவர்கள் சுற்றும் வெளிவீதி அது என்று அவருடைய வாய் தானாகச் சொன்னது.

அந்த நேரத்தில் கிராமத்துப் பெண்ணொருத்தி, தலையில் துணி கட்டியவள், பதின்ம வயது மகளோடு கோட்டை வாசலால் வந்தாள். இருவரும் காலணிகளைக் கழற்றி வைத்தார்கள். கோயிலின் முன் நின்று, நெற்றியின் இரு பக்கத்திலும் கைமுட்டியால் மெல்லக் குட்டினார்கள். பிறகு இடக்காதை மட்டும் பிடித்து, முழங்காலை மடித்து எழுந்தார்கள். வலக்காதைத் தொடவே இல்லை. கோயில் வலப்பக்கமாக இருக்க, பேசாமல் நடக்கத் தொடங்கினார்கள்.

தியாகலிங்கம் ஒரு கல்லில் அமர்ந்துவிட்டார்.

"கேளுங்கள், ஹாகோப். யாரிடம் படித்ததென்று கேளுங்கள்."

மூன்று சுற்று முடிந்த பின்தான் அவள் பதில் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல ஹாகோப் ஆங்கிலத்தில் சொன்னார்.

விளக்கில்லாத அந்த மாரிகாலத்தில், தன் மாட்டுக்கொட்டிலில் கறுத்த பையன்கள் சிலர் தங்கியிருந்தார்கள் என்றாள். ஒருவன் மட்டும் விடியலில் மேலே வந்து, பனியில் வெறுங்காலோடு இப்படிச் சுற்றுவான். மற்றவர்களை வான் ஏற்றிக்கொண்டு போன பின்பும் அவன் இருந்தான். காய்ச்சல் சற்றுத் தணிந்தால் சுற்றுவான், ஏறினால் படுத்துவிடுவான். ஊரார் முதலில் பயந்தார்கள். இந்தக் கோயிலின் பழைய ஆள்களில் ஒருவன் திரும்பி வந்துவிட்டான் என்று கதைத்தார்கள். பிறகு அவளுடைய கணவன், கைகால் வழங்காமல் போன அவனைத் தோளில் சுமந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். அன்றைக்கு அவன் சிரித்தான். மறுநாள் எழும்பவில்லை.

"பெயர்?" என்றார் தியாகலிங்கம். கேட்கத் தேவையில்லாத கேள்வி.

அவள் அதற்கு ஹாகோப்பைப் பார்க்கவில்லை. நேரே அவரையே பார்த்து, "ராகுல்," என்றாள்.

ஞானஸ்நானம் பெறாதவனைத் தேவாலயத்து மண்ணில் வைப்பதா என்று ஊரார் தயங்கியிருக்கிறார்கள். அவன் கும்பிட்ட கோயிலுக்கு எதிரிலேயே இருக்கட்டுமென்று முடிவாயிற்று. கோட்டை மதிலின் உட்புறத்தில், கற்கள் அடுக்கிய நீளமான மேடொன்றை அவள் காட்டினாள். ஒரு கல்லின்மேல் காய்ந்த ரொட்டித் துண்டு இருந்தது; பறவைகள் கொத்தியிருந்தன.

"இப்போதும் ஏன் சுற்றுகிறீர்கள்?"

பெண் தன் மகளைச் சற்றுத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். பொழுது சாயும் நேரத்தில் மேலே காலடி கேட்கிறது என்றாள். வெறுங்காலடி. சுற்றிச் சுற்றி வரும். ஆடு தேடி வந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். "தாயில்லாத இடத்தில் பிள்ளை தனியாகச் சுற்றக்கூடாது. அதுதான் நாங்களும் கூடச் சுற்றுகிறோம்."

ஹாகோப் இதை மொழிபெயர்த்து முடித்துவிட்டுக் குனிந்து தம் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். இருவரும் நடந்தார்கள். தடம் உள்ளங்காலுக்கு மெத்தென்றிருந்தது. பின்புற விளிம்பில் திரும்பும்போது மூன்றாவது காலடியொன்று சற்றுப் பிந்தி வந்தது. தியாகலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்து ஒருவரும் இல்லையென்று காண்பதற்கு அவர் விரும்பவில்லை. "இனி முழுக்கணக்குத்தானடா," என்றார் மெதுவாக. மேட்டின்மேல் கையை வைத்தார். மண்ணெடுக்கலாமென்று குனிந்தவர், எடுக்காமல் நிமிர்ந்தார். வைத்திருக்கிறவர்களிடமே இருக்கட்டும்.

ரொறன்ரோவில் நிலாணி விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். வழிநெடுக அவள் ஒன்றும் கேட்கவில்லை. தாயின் சொல் அவளையும் கட்டியிருந்தது. மில்லிக்கனில் மேப்பிள் இலைகள் பழுத்து வீதியெங்கும் கிடந்தன. கார் வந்து நின்றதும் முன்கதவு திறந்தது. இராஜேஸ்வரி நெற்றியில் குங்குமத்தோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தியாகலிங்கம் காரை விட்டிறங்கினார். வரும் வழியெல்லாம் வாசகங்களைக் கோத்துக்கொண்டு வந்தவர். வாசற்படிக்கு வந்தபோது அவற்றுள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முதற்படியில் கால் வைக்கப் போனவர் காலைப் பின்னுக்கெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, பக்கத்துப் படலையைத் திறந்துகொண்டு பின்வளவுக்குப் போனார்.

குழாயைத் திருகினார். ஐப்பசித் தண்ணீர் உச்சந்தலையில் ஊசியாக இறங்கியது. சட்டையோடு, கோட்டோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வேலிக்கப்பால் சீனக் கிழவர் இலை கூட்டுவதை நிறுத்திவிட்டார்.

சமையலறைப் பக்கத்துக் கண்ணாடிக் கதவு இழுபடும் ஓசை கேட்டது. புல்லில் வெறுங்காலடிகள் வந்தன. கண்ணைத் திறந்தார். இராஜேஸ்வரி. கொண்டையை அவிழ்த்து, அவருக்குப் பக்கத்தில் குனிந்து, தன் தலையையும் அந்தத் தண்ணீரின்கீழ் கொடுத்தாள். குங்குமம் கரைந்து மூக்கின் வழியே வழிந்தது.

"தனியவோ கிடந்தவன்?" என்றாள், நிமிராமலே.

"இல்லை. ஆக்கள் கூட இருக்கினம். இப்பவும் இருக்கினம்."

உள்ளே தொலைபேசி அடித்தது.

நிலாணி வாசலில் நின்று தாயைப் பார்த்தாள். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இராஜேஸ்வரியின் தோள்கள் ஒருமுறை உள்ளே ஓடுவதற்கு உந்தி, பின் அமர்ந்தன. கூந்தலைப் பிழிந்துகொண்டு அவள் சொன்னாள்:

"எடு, பிள்ளை. ராகுலனோ எண்டு கேளாதை. ஆரெண்டு கேள்."