டாஷ்போர்டில் இருந்த குங்குமம்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் கார்ப் பட்டறைக்கு வந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மீட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. டாஷ்போர்டில் காய்ந்திருந்த குங்குமப் பொட்டை மட்டும் துடைத்தெடுத்தேன். அது தொழிற்சாலை வைத்ததல்லவே.

வண்டியை எடுக்க வந்த உரிமையாளர் முதலில் அங்கேதான் குனிந்து பார்த்தார்.

"இங்க ஒரு பொட்டு இருந்துச்சேம்மா? முதல் பூசைக்கு என் வைஃப் வச்சது. இப்ப அவங்க இல்ல."

"அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சிட்டேன், அங்கிள்."

"பரவால்ல லா. உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். குங்குமம் என்று தெரிந்தேதான் துடைத்தேன்.

இப்போது எந்தப் பழைய வண்டி வந்தாலும் கேட்காமல் துணியை எடுப்பதில்லை. அவரிடம் உண்மையைச் சொல்ல, உட்லண்ட்ஸில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் வரை இரண்டு முறை போய்விட்டேன். பொத்தானைத்தான் இன்னும் அழுத்தவில்லை.