ஐயங்கார் வீட்டு விட்டத்தின் வயது

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முன்பு, ஓடத்துறைப் பக்கம் மரவாடி வைத்திருந்த ராவுத்தர் ஒருவரின் நான்கு தேக்கு விட்டங்களை எங்கள் அலுவலகம் கைப்பற்றியது. நான் அப்போது காட்டிலாகாவில் குமாஸ்தா. மேற்கே மலையில் சர்க்கார் காட்டிலிருந்து தேக்கு திருட்டுப் போயிருந்தது. ராவுத்தரின் விட்டங்களோ நேற்று அறுத்தவை போல மினுக்கின. ஸ்ரீரங்கத்தில் இடித்த வீட்டு மரம் என்று அவர் சொன்னதை எங்கள் ரேஞ்சர் நம்பவில்லை.

"பழைய மரம்னா இப்படியா பளபளன்னு இருக்கும்?"

"நான்தாங்க இழைக்கச் சொன்னேன். பழசாத் தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

ஒரு வாரம் ஆள் வைத்துப் பழையதைப் புதிதாக்கியவர், இப்போது அது பழையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் மரம் போகும். கூடவே லைசென்ஸும் போகும். வாடியை மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வளையத்தை எண்ணிப் பார்க்கலாம் என்றேன். தேக்கு வருஷத்துக்கு ஒரு வளையம் போடும். மழை பெய்த வருஷம் அகலமாக, பொய்த்த வருஷம் மயிரிழையாக. எந்த வருஷம் வெட்டியது என்று தெரிந்த தேக்குத் துண்டு ஒன்று ரேஞ்சரின் அறையில் இருந்தது. அதன்மேல் அவர் தொப்பியை வைப்பார். பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணிக்கொண்டு போனால், எங்கள் அப்பா தலைமுறை சொல்லிச் சொல்லிப் பயமுறுத்திய அறுபது வருஷத்துக்கு முந்தைய தாது வருஷத்துப் பஞ்சத்தில் இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அதே ஜோடி, முன்பின் வரிசையோடு, விட்டத்திலும் அகப்பட்டால் போதும். அங்கிருந்து பட்டை வரை எண்ணினால் மரம் வெட்டுப்பட்ட வருஷம் வந்துவிடும்.

ரேஞ்சருக்கு யோசனை பிடித்தது. வாடிக்குப் போனோம். விட்டங்களின் முனையில் ஒரு வளையமும் தெரியவில்லை, எல்லாம் தார். கைப்பற்றிய மரத்தின் முனைகளுக்குத் தார் பூச வேண்டும் என்ற விதியை, பத்தி எண்ணோடு, முதல் நாளே எடுத்துக் காட்டியவன் நான்தான்.

ஆகவே முனையை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். எந்த முனை என்பதிலும் ஒரு சிக்கல். சதுரமாகச் செதுக்கிய விட்டத்தில் வெளி வளையங்கள் தச்சர் வாய்ச்சியால் சீவியதோடு போயிருக்கும். அது எந்த வருஷம் வரை உயிரோடிருந்தது என்று சொல்லுமே தவிர, எப்போது செத்தது என்று சொல்லாது. மூன்று விட்டங்கள் அப்படி. நான்காவதில், சுவருக்குள் புதைந்திருந்த முனையில் மட்டும் ஒரு மூலையைத் தச்சர் செதுக்காமல் விட்டிருந்தார். பட்டையடி வெளிர்மரம் அப்படியே இருந்தது. சுவருக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். ரேஞ்சரும் நானும் பார்ப்போம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கைப்பற்றிய சொத்தை அறுக்க மேலிடத்து உத்தரவு வேண்டும். வாங்கினேன். அறுத்த வில்லையைக் கண்டோன்மென்ட்டில் இருந்த எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவர பெர்மிட் வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டுத் தட்டளவு இருந்தாலும் அது தேக்கு. பெர்மிட்டில் 'வாகனம்' என்ற இடத்தில் 'குமாஸ்தாவின் கக்கம்' என்று எழுதினேன். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

ரேஞ்சர் குண்டூசியால் குத்திக் குத்தி எண்ணினார். பஞ்சத்து ஜோடி கிடைத்தது. அதிலிருந்து பட்டை வரை பதினொன்று. மரம் விழுந்து ஏறக்குறைய ஐம்பது வருஷம். போன மாதத்துத் திருட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விட்டங்கள் தன் வீட்டிலிருந்து வந்தவைதான் என்று விற்றவர் கையெழுத்துப் போட்டால் காகிதக் கட்டை மூடிவிடலாம்.

விற்றவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார். குடையும் கையுமாக வந்தார். நான் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தைப் படித்தேன்: "சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட என் வீட்டின்..."

"அம்பதா? எங்காத்துக்கு முந்நூறு வயசு ஓய். நாயக்கர் காலத்து க்ருஹம்."

"மரம் அப்படிச் சொல்லலையே, ஸ்வாமி. தாது வருஷத்துக்கப்புறம் பதினொரு வளையந்தான்."

"மரத்தைக் கேட்டுண்டா நாங்க குடியிருந்தோம்? பொண்ணு கொடுத்தவா, எடுத்தவா எல்லார்ட்டயும் முந்நூறுன்னு சொல்லியாச்சு. அம்பதுன்னு சர்க்கார் காகிதத்துலே கையெழுத்துப் போட்டுட்டு, நாளைக்கு நான் வீதியிலே நடக்க வேண்டாமா?"

ராவுத்தர் குறுக்கிட்டார். "சாமி, நீங்க முந்நூறுன்னு எழுதினா, இந்த மரம் அந்த வீட்டுதே இல்லைன்னு ஆயிடும். என் வாடிக்குப் பூட்டுத்தான்."

"அதுக்காக எங்க முன்னோர்களை எல்லாம் ஒரு பதினொரு வளையத்துக்குள்ளே அடைக்கச் சொல்றீரா?"

ரேஞ்சர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வரலேன்னா நான் லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி மேலே எழுதிடுவேன்."

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் வேறொரு தாளை எடுத்து, "உங்க வீட்டில் எப்பவாவது விட்டம் மாத்தினதுண்டா?" என்று கேட்டேன்.

ஐயங்கார் யோசித்தார். "எங்க தாத்தா நாள்லே முன்கட்டு ஒழுகி, ரிப்பேர் நடந்ததுன்னு சொல்வா. முந்நூறு வருஷத்து ஆத்துலே அதுகூட நடக்காதோ?"

எழுதினேன்: முந்நூறு ஆண்டுப் பழமை வாய்ந்த என் இல்லத்தில், சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பழுது பார்த்தபோது ஏற்றப்பட்ட நான்கு விட்டங்கள்.

"சுவர் புராதனம்னு சேர்த்துக்கொள்ளும்" என்றார். சேர்த்தேன். செங்கல்லுக்கு வளையம் கிடையாது. மறுத்துச் சொல்ல இலாகாவிடம் ஆதாரமும் கிடையாது. கையெழுத்து விழுந்தது. அன்று மாலையே விடுவிப்பு முத்திரை குத்தினோம். ராவுத்தர் தம் விட்டங்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, வாடிக் கதவை அகலத் திறந்து வைத்தார்.

மறுநாள் காலை ஐயங்கார் மறுபடி வந்து நின்றார். வாக்குமூலத்தின் நகல் ஒன்று, சர்க்கார் முத்திரையோடு வேண்டுமாம். அதற்கு முறைப்படி மனுப் போட வேண்டும் என்றேன்.

மனு கையில் தயாராக இருந்தது. நான்கு நகல்கள் கேட்டிருந்தார். சம்பந்தி வீடுகள் நான்காம்.