துரோகி என்று நான் கத்திய வீரர்

எங்கள் மெல்பேர்ன் கூடைப்பந்து அணியின் இளம் வீரரை அமெரிக்க அணி ஒன்று, அங்கே ஆண்டுதோறும் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் தேர்ந்தெடுத்தது. ஆனால் இங்கே அவருக்கு இன்னும் ஓராண்டு ஒப்பந்தம் இருந்தது. தன்னை விடுவிக்கும்படி கிளப்பிடம் அவர் கேட்டது செய்தியானதும் எனக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த ஆட்டத்தில் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் “துரோகி!” என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

என் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். “ஏங்க, இத்தனை வருஷம் இருப்பேன்னு எழுதிக் கொடுத்த பாண்ட் முடியறதுக்குள்ள சென்னை கம்பெனியில சொல்லாமக்கூட ஓடி வந்தவர் நீங்க. இந்தப் பையன் கேட்டுட்டுத்தானே நிக்கிறான்?”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் ரசிகர்களுடன் கைகுலுக்கிக்கொண்டே வந்த அந்த வீரர், கத்தியவன் நான்தான் என்று அடையாளம் கண்டும் கையை நீட்டினார். வந்ததற்கு நன்றி என்றார். குரலில் கேலியே இல்லை.

கிளப் அவரை விடவில்லை. அந்த ஆண்டு முழுதும் எங்களுக்காக உயிரைக் கொடுத்து ஆடினார். அன்று அவர் கையைப் பற்றியபோது ஒரு ‘சாரி’ சொல்லியிருக்கலாம். அதைக்கூட நான் சொல்லவில்லை.