எட்டுப் புளியமரமும் ஒரு டப்பா புளிச்சோறும்

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கினேன். ஊத்தங்கரையிலிருந்து ஏறக்குறைய இருநூற்று முப்பது கிலோமீட்டர். தோள்பையில் ஐந்து கிலோ புதுப்புளி. கைப்பையில் என் மனைவி ராணி கட்டிக் கொடுத்த புளிச்சோறு. எங்கள் விவசாயிகள் சங்கத்தில் பன்னிரண்டு குடும்பங்கள். பட்டணத்தில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார்கள். அதனால்தான் இப்படி மணி போட்டு எழுதுகிறேன்.

என் இரண்டு ஏக்கரைச் சுற்றி வரப்பில் எட்டுப் புளியமரங்கள் நிற்கின்றன. மரமும் பயிரும் சேர்ந்தே இருக்கட்டும், நடுவில் துவரையும் சீதாப்பழச் செடியும் வையுங்கள், புளியை நாங்கள் விற்றுத் தருகிறோம் என்று அடையாறில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் சொன்னது. நம்பினோம். போன மாதம் அனுப்பிய புளி பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்துவிட்டது. மர நிழலில் கேழ்வரகும் தேறவில்லை. கோபத்தில் மரம் அறுப்பவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறார்கள். இன்று செவ்வாய். புளி ஏன் போகவில்லை என்று தெரிந்தால் மரம் நிற்கும், இல்லையென்றால் விழும்.

எட்டரை மணி. வண்டலூரிலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம், டிக்கெட் பத்து ரூபாய். ரயிலடியை விட்டு வெளியே வந்தால் நேராக ரங்கநாதன் தெரு. கடைகள் பாதிதான் திறந்திருந்தன, ஆனால் கூட்டம் முழுசாக இருந்தது. பக்கத்துச் சந்தில் ஒரு மொத்தக் கடைக்காரர் என் புளியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறம் போதாது, இன்னும் வெளுப்பாக வேண்டும் என்றார். வெளுப்பான புளிக்கு எங்கே போவேன்? அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

பத்தரை மணிக்கு அடையாறு. ஆட்டோ இருநூறு ரூபாய். ஓட்டியவர் சலீம் பாய், என் வயதுதான் இருக்கும். அலுவலகத்தில் திட்ட அலுவலர் நித்யா நல்ல பெண். தண்ணீர் கொடுத்து, காப்பி கொடுத்து, திரையில் படம் படமாகக் காட்டினார். புளியை அப்படியே விற்காமல் கூழாக்கிப் பாட்டிலில் அடைக்க வேண்டுமாம், அதற்கு இயந்திரம் வேண்டுமாம். போன மாதப் புளி ஏன் போகவில்லை என்று கேட்டேன். தமக்கும் புரியவில்லை, உங்கள் புளியை விற்க வைத்த மயிலாப்பூர்க் கடையில் நேரிலேயே கேட்டுப் பாருங்கள் என்றார். ஒருவர் வெளுக்கச் சொல்கிறார், இன்னொருவர் கூழாக்கச் சொல்கிறார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. காட்டில் விட்டிருந்தாலாவது எனக்கு வழி தெரிந்திருக்கும்.

வாசலில் சலீம் பாய் இன்னும் சவாரி கிடைக்காமல் நின்றிருந்தார். மயிலாப்பூர் என்றதும் நூற்றைம்பது என்றார். பேரம் பேசத் தெம்பில்லாமல் ஏறி உட்கார்ந்தேன்.

பன்னிரண்டே கால். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் கோமதி அம்மாவின் கடை. சிறுதானியம், செக்கெண்ணெய், அப்பளம் என்று சின்ன இடத்தில் எல்லாம் இருந்தது. எங்கள் புளி மூன்று பொட்டலம் மூலையில் கிடந்தது. பெற்ற பிள்ளையை யாரும் கொஞ்சாமல் விட்டதுபோல எனக்கு மனம் வலித்தது. அப்போது ஒரு மாமி வந்து அதை எடுத்தார், மோந்து பார்த்தார், வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேவிட்டேன்.

"இது புதுப்புளின்னா. எங்காத்துல தொடமாட்டா. வயத்துக்கு ஆகாது, ரசமும் சரியா வராது" என்று சொல்லிவிட்டு வெல்லம் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

புதுசாக இருப்பது ஒரு குறையா என்று எனக்கு இன்னும் குழப்பம். நார் எடுத்து, கொட்டை எடுத்து, ஓடு ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கிய புளி அது. இதைவிட எப்படிச் சுத்தம் செய்வது?

"இன்னா நைனா, காலைலேர்ந்து சுத்திக்கினே கீற. வவுத்துக்கு எதுனா போடு" என்றார் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்த சலீம் பாய். அவரும் சாப்பிடவில்லை. கடைக்குப் பின்னால் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். சோறு கறுப்பாக இருந்தது. கூச்சத்தோடு பாதியை அவருக்கு எடுத்து வைத்தேன். அவர் வழித்துச் சாப்பிட்டார்.

வாசனைக்குக் கோமதி அம்மா எட்டிப் பார்த்தார். ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்றவர், இது என்ன புளி என்றார்.

"பழசுங்க. கல்லுப்புப் போட்டுப் பானையில அடைச்சு ஒரு வருசம் ஆச்சு. கறுத்துப் போச்சு, ஊட்டுக்குன்னு வெச்சதுங்க."

"இதத்தானே இங்க எல்லாரும் கேக்கறாங்க. ஏன் அனுப்பல?"

உண்மையைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. எங்கள் ஊரில் பழம்புளிதான் உடம்புக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும் புதுப்புளியில்தான் குழம்பு. கறுத்த குழம்பை ஊற்றினால் மிச்சம் மீதியைப் போட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்களே. பட்டணத்துக்காரர்களையும் அப்படித்தான் விருந்தாளியாக நினைத்தோம். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி, பழசை நமக்கு வைத்துக்கொண்டு புதுசை அனுப்பினோம். கோமதி அம்மா சிரித்தார். பிறகு, வீடு வீடாக இருக்கும் பழம்புளியை அனுப்புங்கள், இந்த வருஷப் புளியைப் பானையில் அடையுங்கள், அடுத்த வருஷமும் எனக்கு வேண்டும் என்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

மாலை ஐந்து நாற்பது. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை வழியாக ஊத்தங்கரை போகும் வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். தெளிந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. தி. நகர் மொத்தக் கடைக்காரருக்கு ஏன் வெளுப்புப் புளி வேண்டும் என்று இன்னும் புரியவில்லை. புளியை ஒரு வருஷம் அடைத்து வைத்தால் அதுவரை கைச்செலவுக்கு என்ன செய்வது என்பதும் தெரியவில்லை. அடுத்த வருஷமும் வேண்டும் என்று கேட்டார்களே, அதற்கு மரம் நிற்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

ராணிக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை மரம் அறுப்பவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடு, அடுக்களையில் இருக்கும் கறுத்த புளியைத் தொடாதே, அதைப் பட்டணத்துக்கு அனுப்பப் போகிறோம் என்றேன்.

"அப்ப நம்ம கொழம்புக்கு?"

"புதுசப் போடு."

"சரிதான்" என்றாள் ராணி. "இனிமே நம்ம ஊட்டுல நாமதான் விருந்தாளி."