சின்ன இன்ஜினும் சாயபுவின் பூட்ஸும்

ஆம்பூரில் கன்னியப்பனைத் தெரியாதவர்கள் குறைவு. அவரோடு ஒரு முறையாவது சண்டை போடாதவர்கள் அதைவிடக் குறைவு. வாய் அப்படி. 'இன்ஜின் கன்னியப்பன்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். வெறும் கன்னியப்பன் என்றால் காது கேட்காது. அவர் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில்தான் நானும் தோல்களைத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். அந்த இன்ஜினைப் பற்றி அவர் அடித்த பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. ஆனாலும் அவர் பெருமை அடிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

அவர் பிறந்தது இன்ஜினுக்கு அல்ல, சுண்ணாம்புக் குழிக்கு. பச்சைத் தோலில் மயிர் கழல அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். அதைப் புரட்டிப் போட ஆள் குழிக்குள் இறங்க வேண்டும். அவருடைய அப்பா இறங்கினார், பிறகு இவர் இறங்கினார். சுண்ணாம்பு விரல் நுனிகளைத் தின்றுவிடும். நகக்கண்ணில் ஓட்டை விழும். கையில் வெடிப்பு இருக்கும்போது மிளகாய் பட்டால் உயிர் போய் உயிர் வரும். அதனால் கல்யாணமாகிப் பல வருஷம் அவர் குழம்புச் சோற்றைத் தன் கையால் பிசைந்து சாப்பிட்டதில்லை. மனைவி எல்லம்மா பிசைந்து உருட்டிக் கொடுப்பார். பார்த்தவர்கள் புது மாப்பிள்ளை என்று கிண்டல் செய்வார்கள். கன்னியப்பன் சண்டைக்குப் போவார். எனக்கு அப்போதே மனசு கஷ்டமாக இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் எங்கள் முதலாளி அமீர் பாஷா ஒரு சங்கிலி டிராக்டரை வாங்கினார். சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் சங்கிலி மேல் ஊர்ந்து போகிற வண்டி. எங்கேயோ கால்வாய் வெட்டும் வேலை முடிந்து ஏலத்துக்கு வந்தது. வாங்கியது உழுவதற்கு அல்ல, ஆவாரம்பட்டை அரைக்கும் மில்லை ஓட்டுவதற்கு. டிராக்டரைக் கொட்டகையில் நிறுத்தி, அதிலிருந்து மில்லுக்கு ஒரு நீள பெல்ட்டை மாட்டிவிட்டால் போதும், மில் ஓடும். அரைத்த பட்டையில் ஊறினால்தான் எங்கள் தோல் தோலாகும்.

டிராக்டரோடு வந்த டிரைவருக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. கன்னியப்பன் அதற்குள் சாப்பாட்டு வேளையெல்லாம் அந்த வண்டியடியிலேயே கிடந்து, பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தார். முதலாளிக்கும் வேறு வழி தெரியவில்லை. கன்னியப்பன் குழியிலிருந்து ஏறி வந்து இன்ஜின்காரர் ஆனார். ஒரு வருஷத்தில் விரல்கள் ஆறிவிட்டன. காரக் குழம்பைத் தன் கையாலேயே பிசைந்து, எங்கள் எல்லாருக்கும் தெரியும்படி சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடுவார். யாரும் கிண்டல் செய்யவில்லை.

அந்த டிராக்டரில் இரண்டு இன்ஜின்கள். பெரியது டீசலில் ஓடும். கையால் சுற்றி அதைக் கிளப்ப எந்தப் பயில்வானாலும் முடியாது. அதற்காகவே அதன் இடுப்பில் பெட்ரோலில் ஓடும் சின்ன இன்ஜின் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். ஹேண்டிலைப் போட்டுச் சின்னதைக் கிளப்பினால் அது பெரியதைச் சுற்றிவிடும். பெரியது இருமி இருமி எழுந்து ஓட ஆரம்பித்ததும் சின்னதை நிறுத்திவிடலாம். இரண்டுக்கும் தண்ணீர் ஒன்றுதான். பெரியதைச் சுற்றிச் சூடான தண்ணீர் சின்னதுக்குள்ளும் போய்த் திரும்பும்.

முப்பத்தேழாம் வருஷ ஐப்பசியில் ஒரு நாள் காலையில் சின்னதில் ஹேண்டில் அசையவில்லை. கன்னியப்பன் தொங்கிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். இரண்டும் பலிக்கவில்லை. எண்ணெயை வடித்துப் பார்த்தபோது மோர் மாதிரி வெளுத்து வந்தது. இரண்டு இன்ஜினும் சேரும் இடத்தில் ஒழுகாமல் அடைத்திருந்த பேக்கிங் இற்றுப்போய், தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது.

அமீர் பாஷா வந்து பார்த்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அரைத்த பட்டை தீரப்போகிறது. சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோல் பட்டைத் தண்ணீருக்குப் போகாவிட்டால் அழுகிவிடும்.

"கன்னியப்பா, உன்னால ஆவுமா ஆவாதா, சொல்லிடு. ஆவலன்னா மதராஸ்லேர்ந்து மிசின் ரிப்பேர் பண்ற பிட்டரைக் கூப்ட்டு இங்கியே வெச்சுக்கறேன். நீ பளைய வேலைக்குப் போய்டு. எனக்கு மிசின் பேஜார் வாணாம்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மாட்டைக் கொட்டில் மாற்றிக் கட்டச் சொல்வதுபோல்தான் சொன்னார். கன்னியப்பன் மூஞ்சி செத்துப்போனது. "ஆவும் சாயபு" என்றார்.

தண்ணீரை வடித்து, பெட்ரோல் குழாயையும் புகைக் குழாயையும் கழற்றி, பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைத் துணியில் சுற்றி வைத்தார். மூன்று சவுக்குக் கம்பங்களை நட்டு, உச்சியில் கிணற்றுக் கப்பியைக் கட்டினோம். தோல் கட்டு தூக்குகிற ஆட்கள்தான் கயிற்றைப் பிடித்தார்கள். சின்ன இன்ஜின் என்று பெயர்தானே ஒழிய அது லேசில் வரவில்லை. கன்னியப்பன் அடியில் படுத்துக்கொண்டு கத்திய கத்தலில் பாதியை எழுத முடியாது. கடைசியில் அது ஆடிக்கொண்டே மேலே வந்தது. வண்டியின் வயிற்றில் அது இருந்த இடம் காலியாகத் தெரிந்தபோது அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி ஊற வைத்து, மரக்கட்டையை வைத்துப் பொறுமையாகத் தட்டி எடுத்தார். கன்னியப்பனுக்குப் பொறுமை உண்டு என்பதை அன்றுதான் கண்டேன். சிலிண்டரைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வளையங்களைக் கழுவி மாட்டினார். மிச்சம் இருந்தது பேக்கிங் ஒன்றுதான்.

எங்கள் ஊரில் எது ஒழுகினாலும் தோலை வெட்டி வைப்போம். கிணற்றுப் பம்புக்குத் தோல், துருத்திக்குத் தோல், மில்லை ஓட்டுகிற பெல்ட்டும் தோல். அவரும் என்னிடம் வந்து நல்ல ஆவாரந்தோலாக ஒரு துண்டு கேட்டார். முதுகுப் பக்கத்தில் கெட்டியாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். அதை விளக்கெண்ணெயில் ஊற வைத்து, ஓட்டை ஓட்டையாக அளவெடுத்து வெட்டினார். "பாரு சத்தார் பாய், சீமையில கூட இப்பிடி பேக்கிங் கெடைக்காது" என்றார். நானும் மண்டையை ஆட்டினேன்.

பூட்டினோம். ஹேண்டிலைச் சுற்றினார். சின்னது படபடவென்று கிளம்பியது, பெரியதை எழுப்பியது, மில் ஓடியது. ஆட்கள் கூச்சல் போட்டார்கள். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார் பாருங்கள், கலெக்டர் தோற்றார்.

பெரியது சூடேறும் வரைக்கும்தான் அந்த நடை. முதலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இரண்டு இன்ஜினுக்கும் நடுவிலிருந்து சுடுதண்ணீர் பீய்ச்சி அடித்து, மேக்னெட்டோவெல்லாம் நனைந்து, ஆவி கொட்டகையை மூடியது. ஓடிப்போய் நிறுத்துவதற்குள் அவர் முழங்கை வெந்துவிட்டது. முதலாளி நேராகத் தபாலாபீசுக்குப் போய், பிட்டர் உடனே வர வேண்டும், வேலை அவருக்குத்தான் என்று தந்தி அடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மறுபடியும் கம்பத்தை நட்டு, மறுபடியும் இறக்கினோம். பேக்கிங்கை வெளியே எடுத்தால் அது வறுத்த வத்தல் மாதிரி சுருண்டு கிடந்தது. களத்தில் தோல் உலர்த்திக்கொண்டிருந்த எல்லம்மா சத்தம் கேட்டு வந்து, அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"யோவ், ஆவாரந்தோலு சுடுதண்ணி பட்டா சுருங்கிப் பூடும்னு இந்த ஊர்ல கொளந்தைக்குக் கூடத் தெரியும். இஞ்சினைப் பாத்ததும் உனக்கு எல்லாம் மறந்து பூட்சா?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தத் தோலைப் பொறுக்கிக் கொடுத்தவனே நான்தான். தோலிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேர், இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கன்னியப்பன் பெண்டாட்டியைத் திட்ட வாயைத் திறந்தார். எல்லம்மா வெந்த முழங்கையைப் பிடித்துப் பார்த்தார். விரல்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "மறுபடியும் சுண்ணாம்புக் குளியிலயா?" என்று மெல்லக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னியப்பன் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டு எரிச்சலில் குரோம் தோல்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார். அது அவருடைய பழக்கம். எது கெட்டாலும் குரோமைத்தான் திட்டுவார். பட்டை இல்லாமல் மருந்தில் பதனிடுகிற அந்தத் தோல் எங்கள் வியாபாரத்துக்கு எமன் என்பார்.

"அதுவும் ஒரு தோலா? கொதிக்கிற தண்ணியில போட்டாலும் வேகாது, சுருங்காது. தகரம் மாதிரி அப்பிடியே கெடக்கும்" என்றார்.

கன்னியப்பன் சட்டென்று நிமிர்ந்தார். பிறகு அவர் பார்வை கீழே இறங்கி முதலாளியின் காலில் நின்றது. நானும் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். ஆவாரந்தோலுக்காக ஊர் ஊராகப் பேசுகிற அமீர் பாஷாவின் காலில் கறுப்புச் சீமை பூட்ஸ், அசல் குரோம் தோல்.

"சாயபு... தப்பா நெனைக்கக் கூடாது..."

"அரே, இது புதுசுடா!"

"வேற எங்கியும் கெடைக்காது சாயபு."

முதலாளி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். குட்டு வெளிப்பட்டதில் காது சிவந்துவிட்டது. உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். "ஒண்ணு போதுமா, ரெண்டும் வேணுமா?" என்று கேட்டார். ரெண்டும் என்றார் கன்னியப்பன். மேல் தோலைப் பிரித்து, இரண்டு அடுக்காக ஒட்டி வெட்டினார். வெட்டின துண்டை முதலில் எல்லம்மாவின் சோற்றுப் பானைத் தண்ணீரில் கொதிக்க வைத்துப் பார்த்த பிறகே பூட்டினார். முதலாளி அதுவரை யாரோ கொடுத்த கட்டைச் செருப்பில் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலிருந்து பொழுது சாயும் வரை மில் ஓடியது. ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் கன்னியப்பன் இந்தத் தடவை நடை பயிலவில்லை. தந்தி போய்விட்டதே. "வேலை கொடுக்கறேன்னு வார்த்தை கொடுத்துட்டேன் கன்னியப்பா. கூப்ட்டுட்டு இல்லேன்னு சொல்ல முடியாது" என்று முதலாளி தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பூட்ஸைக் கொடுக்கத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லையா?

அதற்கு அடுத்த நாள் மதியம் பிட்டர் சுப்பராயன் ரயிலில் வந்திறங்கினார். வேலை தெரிந்தவர். பெட்டியில் சரியான பேக்கிங்கே கொண்டுவந்திருந்தார். பூட்ஸ் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கெட்டிக்கார வேலைதான். ஆனா ஒரு மாசம் தாங்கினா ஜாஸ்தி" என்றார். அதுவும் நியாயமான பேச்சுதான். மறுநாள் கன்னியப்பனும் அவரும் சேர்ந்து சின்னதை இறக்கிப் புதுப் பேக்கிங்கை வைத்துப் பூட்டினார்கள். சுப்பராயன் கேட்டதற்கு மட்டும் கன்னியப்பன் பதில் சொன்னார். வேலை முடிந்ததும் ஹேண்டிலைத் துடைத்து சுப்பராயன் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிப் பக்கம் நடந்தார். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. 'இன்ஜின் கன்னியப்பா' என்று கூப்பிட எனக்கு நா எழவில்லை.

"கொஞ்சம் நில்லுங்க" என்று சுப்பராயன்தான் கத்தினார். கர்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினார். "சாயபு, மன்னிச்சுக்கணும். வேலை நல்ல வேலைதான். ஆனா எனக்கு ஒத்துவராது. நேத்து வந்ததுலேர்ந்து ஒரு வாய் சோறு உள்ள எறங்கல. சாயந்தர வண்டிக்கே போய்டறேன், இவரே பாத்துக்கட்டும்" என்று சொல்லி, ஹேண்டிலைக் கன்னியப்பன் கையிலேயே திரும்ப வைத்தார். "எப்பிடிய்யா இந்த நாத்தத்துல இருக்கறீங்க?"

முதலாளி எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கன்னியப்பன் காற்றை ஒரு முறை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"இன்னா நாத்தம்?"