அவர்கள் தேடியது வெள்ளைக் கார்

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் எங்கள் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த சமயம். எங்களிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான். பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்து, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் விட்டு, கரும்பச்சை அடிக்க வைத்தேன். பெயின்டர் நல்ல மனிதர். "ஏனுங்க அம்மணி, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி. புக்குல கலரை மாத்திப்போடுங்க. இல்லாட்டி வண்டியப் புடிச்சு வெச்சுக்குவாங்க" என்றார். கல்யாணம் முடியட்டும் என்று நான் என் கணவரைத் தடுத்துவிட்டேன். எனக்கு எப்போதும் எல்லாமே அப்புறம்தான்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, வெள்ளகோவில் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க அவர் விடிந்ததும் தனியாகக் காரில் போனார். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றார். மூன்று மணியாகியும் வரவில்லை. போன் செய்தால், பதினோரு மணிக்கே கிளம்பிவிட்டார் என்றார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். நான் வீட்டிலிருந்து எடுத்துப்போன ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே ஏட்டு, "கலரு வெள்ளைதானுங்களே?" என்று கேட்டார். பச்சை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லி, காரைப் பிடித்து வைத்துக்கொண்டால்? சம்பந்தி வீட்டார் முன்னால் என்ன சொல்வது? எங்காவது பஞ்சராகி நிற்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "ஆமாங்க" என்றேன். காங்கேயத்துக்கு வயர்லெஸ்சில் அதையே சொன்னார்கள்.

ஏழு மணிக்குத் தகவல் வந்தது. காங்கேயத்துக்கு முன்னால், ரோட்டோரம் கார் நின்றிருக்கிறது. தேங்காய் காயப்போடும் களத்தில் வேலை முடிந்து வந்த பெண்கள், ஸ்டீரிங்கில் சாய்ந்து கிடந்தவரைப் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பக்கவாதம். இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது என்றார் டாக்டர்.

அங்கே வந்த போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "அந்தக் காரை நாங்க ரெண்டு வாட்டி தாண்டிப் போனமுங்க. பச்சைக் காருங்கறதால நெம்பரைக்கூடப் பாக்கலீங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. தாரை வார்க்க என் கணவருக்குக் கை எழவில்லை. கொழுந்தனார்தான் வார்த்துக் கொடுத்தார். அடுத்த மாதம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். ஒரு விண்ணப்பம், அரை நாள், புத்தகத்தில் நிறம் மாறிவிட்டது. யாரும் என்னை அதட்டக்கூட இல்லை.

அதன்பின் அவர் உயிரோடிருந்த நான்கு வருடமும் பேச்சில்லாமலே இருந்தார். ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். இடது கையால் என் தலையைத் தடவினார். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. போலீசுக்குப் பயந்து பொய் சொன்னதாக வெகுநாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்; நாலு பேர் முன்னால் என் கௌரவம் போய்விடுமே என்றுதான் சொன்னேன், அதற்கான தண்டனையை அனுபவித்தது அவர்.